தொப்பி மாட்டிய கதவு

ஷேவந்தாவுக்குக் கல்யாணம் பேசியபோது அவளுடைய அத்தை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "போலீஸ்காரனுக்குக் கொடுக்கறீங்க. பொண்ணு புருஷன் முகத்தையே பாக்கமாட்டா."

வீட்டில் மூன்று பெண்கள். பெரியவள் கலாவதியை வெல்லம் காய்ச்சுகிற வீட்டில் கொடுத்திருந்தார்கள். நடுவுள்ளவள் இதே அத்தையின் மகனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதனால் அத்தை சொன்னதை யாரும் தட்டிப் பேசவில்லை. காதில் வாங்கவும் இல்லை. சர்க்கார் சம்பளம், சர்க்கார் குடியிருப்பு, பையனுக்குக் குடி கிடையாது என்று மூன்று காரணம் சொல்லி, கடைசிப் பெண்ணைச் சிந்த்வடே போலீஸ் ஸ்டேஷனில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த புஜங் காட்கேவுக்குக் கட்டி வைத்தார்கள்.

அத்தை சொன்னதில் பாதி பொய். புருஷன் முகத்தை ஷேவந்தா நிறையவே பார்த்தாள். ஆனால் பார்த்ததெல்லாம் தூங்குகிற முகம். இல்லையென்றால் தூக்கத்துக்கு ஏங்குகிற முகம். ராத்திரி ரோந்து முடித்துக் காலை ஏழு மணிக்கு வருவார். ஒன்பது மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும், அமைச்சர் வருகிறார் என்று. கணபதி பண்டிகை வந்தால் பதினொரு நாள் பூட்ஸைக் கழற்றமாட்டார். தேர்தல் வந்தால் ஒரு மாதம். வார விடுமுறை என்று ஒன்று ஸ்டேஷன் பலகையில் எழுதியிருந்தது. அது பலகையிலேயே இருந்தது. ஒருநாள் சோள ரொட்டியான பாக்ரியைப் பிட்டு, கடலைமாவுப் பிட்லேவில் தொட்டு, வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் கை அப்படியே நின்றுவிட்டது. ஷேவந்தா பார்த்தால் மனிதர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கையில் இருந்த துண்டை மெல்ல எடுத்து வைத்துவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். அன்றைக்கு அவள் மனதில் ஒன்று விழுந்தது: இந்த மனிதர் பென்ஷன் வரைக்கும் உயிரோடு போய்ச் சேர வேண்டுமென்றால் அது தான் கொடுக்கிற தூக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பிறகு அவள் வேறு எதையும் பெரிதாகக் கேட்டுக்கொண்டதில்லை, சாமியிடமும் சரி, மனிதரிடமும் சரி.

அவர்கள் குடியிருந்த போலீஸ் லைன் என்றால் எதிரும் புதிருமாக எட்டு எட்டாகப் பதினாறு அறைகள். தகரக் கூரை. நடுவில் ஒரு வேப்பமரம், ஒரே குழாய். தகரத்தில் காக்கை உட்கார்ந்தால்கூட உள்ளே கேட்கும். அவள் வந்த இரண்டாம் வருஷம், புஜங் மூன்று ராத்திரி விழித்துவிட்டு வந்து படுத்திருந்த நேரத்தில், கத்தி சாணை பிடிக்கிற கிழவர் ஒருவர் சரியாக அவர்கள் வாசலில் நின்று குரல் கொடுத்தார். அடுத்த கணம் புஜங் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். கிழவரின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்திவிட்டார். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் ஆள் இல்லை. ஷேவந்தா ஓடி வந்து முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் கை தளர்ந்தது. கிழவர் அழுதார். புஜங்குக்கு ஒன்றும் நினைவில்லை. "நானா செஞ்சேன்? நானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கிழவரை உட்காரவைத்துச் சோறு போட்டுக் காலைத் தொட்டு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் ஷேவந்தா தன் வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் ஓர் ஆணி அடித்தாள். அதில் புருஷனின் தொப்பியை மாட்டினாள். தொப்பி தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். தட்டாதே, கூப்பிடாதே, நின்று பேசாதே.

முதலில் சிரித்தார்கள். கோடி வீட்டுத் தாராபாய்க்கு எதற்குமே வாய் நீளம். "என்னடி இது, சர்க்கார் தொப்பிய வேப்பிலை மாதிரி வாசல்ல தொங்க விட்டிருக்க?" என்றாள்.

"சிரிங்க வஹினி. உங்க வீட்டுக்காரரும் ரெண்டு மணி நேரம் நிம்மதியாத் தூங்கினா, அப்புறம் உங்க மேல எரிஞ்சு விழமாட்டார்," என்றாள் ஷேவந்தா. அந்தப் பக்கம் மூத்தவளோ இளையவளோ, லைனில் ஒருத்தியை ஒருத்தி வஹினி என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணி முறை வைத்து.

அந்தத் தீபாவளிக்குள் பதினாறு கதவிலும் ஆணி ஏறிவிட்டது. தொப்பி தொங்குகிற நேரத்தில் குக்கர் வைக்கமாட்டார்கள், விசில் அடிக்கும் என்று; திறந்த பாத்திரத்தில்தான் பருப்பு வேகும். துணியைக் கல்லில் அடிக்காமல் கால்வாய்க்குச் சுமந்துபோவார்கள். குழந்தைகள் பந்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போய்விடும். "நம்ம லைன்ல கைக்குழந்தைகூட ஜாடையிலதான் அழும்," என்று தாராபாயே பிறகு பெருமை பேசிக்கொண்டாள். ஸ்டேஷனிலிருந்து ஆள் கூப்பிட வந்தால் ஷேவந்தா மரத்தடியிலேயே நிறுத்திவிடுவாள்.

"பெரிய சாஹேப் வரச் சொல்றார், வஹினி."

"தொப்பி தொங்குது, கண்ணு தெரியலையா? ரெண்டு மணிக்கு மேல வருவார்னு சொல்லு."

"என் வேலை போயிடும்."

"போகாது. நான் விடலைன்னு சொல்லு. என்னை என்ன, சஸ்பெண்ட் பண்ணுவாரா?"

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. லைனில் ஷேவந்தாவுக்குத் தொப்பிக்காரி என்றே பேர் விழுந்தது. புஜங்குக்கு ஹெட் கான்ஸ்டபிள் பட்டை வந்தது, கழுத்து தடித்தது, வயிறு வந்தது. ஒரே மகளை ஸாங்க்லிப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருஷம்.

எதிர் வரிசையில் மூன்றாம் அறை திகம்பர் ஷேல்கேயுடையது. புஜங்கைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் அவரைவிடப் பெருத்த உடம்பு. அவர் மனைவி மங்களா ஷேவந்தாவுக்கு ஒரு வகையில் உறவும்கூட. கலாவதியின் நாத்தனாருக்கு ஓரகத்தி மகள். திகம்பரின் குறட்டை லைனில் பேர் போனது. அவர் தூங்கினால் தகரம் அதிரும். "ஷேல்கே தாதா தூங்கற அன்னைக்கு எலி வராது," என்பார்கள்; தாதா என்றால் அங்கே அண்ணன். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எவ்வளவு தூங்கி எழுந்தாலும் தூங்காதவர் போலவே இருப்பார். காலை ஆஜர் அணிவகுப்பில் நின்றுகொண்டே கண் சொருகும். பக்கத்தில் நிற்கிறவன் முழங்கையால் இடிப்பான்.

அந்த ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரத்து வாரி என்கிற பாத யாத்திரையின் பந்தோபஸ்துக்குப் போய் திகம்பர் பதினாறு நாள் கழித்துத் திரும்பினார். மங்களா அப்போது தம்பி கல்யாண வேலையாகப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். காலை ஏழு மணிக்கு வந்தவர் குழாயடியில் முகம் கழுவினார். ஷேவந்தா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"சாப்பிட ஏதாவது கொண்டுவரட்டுமா தாதா?"

"வேண்டாம் வஹினி. படுத்தாப் போதும். லட்சம் பேர் காலு கண்ணுக்குள்ளயே நடந்துக்கிட்டிருக்கு."

தொப்பியை ஆணியில் மாட்டினார். உள்ளே போய்த் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. பத்து மணி வாக்கில் நின்றது.

குழாயடியில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அதைக் கவனித்தார்கள். ஷேவந்தா ஈரக் கையை உதறிக்கொண்டு சொன்னாள்: "இன்னைக்குத்தான் அந்த மனுஷன் சத்தமில்லாமத் தூங்கறார். யாரும் குடத்தை நங்குன்னு வைக்காதீங்க."

பன்னிரண்டரை மணிக்கு மங்களா போன் செய்தாள். புருஷனின் மொபைலை எடுக்க ஆள் இல்லை, அதனால் ஷேவந்தாவுக்கு.

"வஹினி, இவங்க வந்துட்டாங்களா?"

"காலைலயே வந்தாச்சு. தூங்கறார்."

"நேத்து பேசறப்ப நெஞ்சு கனமா இருக்குன்னாங்க. கொஞ்சம் கதவைத் தட்டிப் பாருங்களேன்."

ஷேவந்தா வாசலுக்கு வந்து எதிர் வரிசையைப் பார்த்தாள். "தொப்பி தொங்குது மங்களா. பதினாறு நாள் தூங்காத மனுஷன். எழுந்ததும் நானே பேசச் சொல்றேன்."

மங்களா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "சரி வஹினி, நீங்க சொன்னாச் சரி," என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் ஷேவந்தா சும்மா இருக்கவில்லை. இரண்டு மணிக்குப் பழைய பேப்பர்காரன் வந்தபோது ஓடிப்போய்த் திருப்பி அனுப்பினாள். மூன்று மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது விரலை வாயில் வைத்துக்கொண்டு வழியில் நின்றாள். ஐந்தரைக்கு ஸ்டேஷன் ஆள் வந்தான், எட்டு மணிக் காவலுக்கு ஷேல்கே வர வேண்டும் என்று. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது, மனிதர் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை என்று. தட்டினாள். முதல் தட்டு மெதுவாகத்தான் தட்டினாள்.

தாழை உடைத்துத்தான் திறந்தார்கள். மல்லாந்து படுத்திருந்தார். ஒரு கை தலையணைக்குக் கீழே இருந்தது. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. பார்க்க வந்த டாக்டரிடம் ஷேவந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், எத்தனை மணிக்கு என்று. டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பத்து மணிக்கே போயிருக்கலாம். மத்தியானம் வரைக்கும் இருந்திருக்கவும் கூடும். சரியாச் சொல்ல முடியாதும்மா," என்றார்.

பத்து மணி என்றால் அவள் ஒன்றும் செய்திருக்க முடியாது. மத்தியானம் என்றால் போன் வந்த நேரம். இரண்டுக்கும் நடுவில் ஷேவந்தா மாட்டிக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே லைனில் பாதி ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். யாரும் யாரையும் தூங்க விடவில்லை. மனைவிமார் அரைமணிக்கு ஒருதரம் புருஷனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆண்கள் எரிந்து விழுந்தார்கள். குக்கர் விசில் அடித்தது. அதைக் கேட்டு யாரும் கோபிக்கவில்லை, ஏதோ சத்தம் இருக்கட்டும் என்று விட்டார்கள்.

ஷேவந்தா வீட்டில்தான் எல்லாவற்றிலும் மோசம். புஜங்கும் குறட்டைக்காரர். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தோடுதான் படுத்தாள். நடுவில் அது நின்று நின்று வருகிறது என்பதை இப்போதுதான் கவனித்தாள். குறட்டை ஏறும், ஏறும், சட்டென்று அறுந்துபோகும். மூச்சே இருக்காது. அவள் எண்ணுவாள். பதினைந்து, பதினெட்டு, இருபது. பிறகு தொண்டையில் யாரோ துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு திரும்பும். இருபதுக்கு மேல் எண்ண அவளால் முடியாது. தோளைப் பிடித்து உலுக்கிவிடுவாள்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

"எப்படித் தூங்கறது? நீ விட்டாத்தானே."

ஒரு பகலில் பத்துத் தடவை, பதினைந்து தடவை. ஒரு மாதத்தில் புஜங்கின் கண் குழிக்குள் போய்விட்டது. ரேடியோவில் தன் வண்டி எண்ணைக் கூப்பிடுவதே அவருக்குக் கேட்காமல் போனது. ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: "ஷேல்கேவை நீ தட்டாம விட்ட. அதுக்கு என்னைத் தட்டித் தட்டிச் சாகடிக்காத."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஷேவந்தா என்ன செய்வாள். தூங்கவிட்டாலும் பயம், விடாவிட்டாலும் பயம்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த புஜங் பாக்ரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு தானாகவே சொன்னார்.

"ரயில்வே கேட்டுல நின்னோம். கேட் மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் நிகம் சாஹேப் பக்கத்துல. ரயில் போச்சு, கேட் திறந்தது. நான் தூங்கிட்டேன்."

"அடிபட்டதா?"

"இல்ல. பின்னால கரும்பு லாரி, டெம்போ, பஸ் எல்லாம் நின்னு ஹாரன் அடிச்சிருக்கு. போலீஸ் ஜீப்னு எவனும் இறங்கி வந்து கேக்கல. ஏதோ நாகாபந்தி, வண்டிச் சோதனை போலன்னு நின்னுட்டாங்க. அப்புறம் அடுத்த ரயிலுக்குக் கேட் மூட வந்த கேட்கீப்பர்தான் பானெட்டத் தட்டினான்."

"சாஹேப் திட்டினாரா?"

புஜங் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "அவரும் தூங்கிட்டார்."

ஷேவந்தாவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

"'காட்கே, நீயும் தூங்கினே, நானும் தூங்கினேன். யார் மேல யார் ரிப்போர்ட் எழுதறது'ன்னார். கொஞ்ச தூரம் போனதும், 'அந்த லாரி நிக்காம வந்திருந்தா'ன்னார்."

"டாக்டர்கிட்ட போவோம்," என்றாள் ஷேவந்தா.

"போனா எழுதிடுவாங்க. வண்டி ஓட்டத் தகுதியில்லன்னு ஒரு வரி. ஜீப்பப் பிடுங்கிட்டு வழக்குச் சாமான் அறையில உக்கார வச்சிடுவாங்க. திருட்டு சைக்கிளுக்கும் துருப்பிடிச்ச அரிவாளுக்கும் நான் காவலா?"

"சைக்கிள் மோதி யாரும் சாகமாட்டாங்க," என்றாள்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். பாக்ரி அப்படியே கிடந்தது.

மங்களா அந்த வாரக் கடைசியில் வந்தாள். கருணை அடிப்படை வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அது வர மூன்று வருஷம் ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அறையை ஒரு வருஷம் வைத்துக்கொள்ள நிகம் சாஹேப் எழுதிக் கொடுத்திருந்தார். தீட்டு நாட்களில் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்ததோடு சரி, இருவரும் தனியாகப் பேசவில்லை. ஷேவந்தா ஒரு தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் உடைந்த தாழ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க வஹினி."

தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஷேவந்தா நின்றாள். "நீ போன் பண்ணினே," என்றாள்.

"பண்ணினேன்."

"நான் தட்டல."

"தட்டல," என்றாள் மங்களா. குரலில் கோபம் இல்லை, சமாதானமும் இல்லை. "தட்டியிருந்தா இருந்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நான் தினம் ராத்திரி ஒருதரம் உங்களத் திட்டறேன். அப்புறம் என்னைத் திட்டறேன், சரின்னு ஏன் போனை வச்சேன்னு."

ஷேவந்தா தூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மங்களா தாழைக் காட்டினாள்.

"எனக்குத் தொப்பி மேல வருத்தமில்ல வஹினி. அவங்களுக்கு இந்த லைன்ல மட்டும்தான் தூக்கம் கிடைச்சது. இந்தத் தாழ்தான். உள்ள போட்டுட்டுத் தூங்கறாங்க. தட்டினா எழுந்துடுவாங்கன்னு பயந்து யாரும் தட்டமாட்டோம். தாழ் இல்லன்னா சத்தமில்லாமத் திறந்து ஒரு பார்வை பாத்துட்டு வந்திருக்கலாம். தட்டவே வேண்டியதில்ல."

அன்றைக்கே ஷேவந்தா தச்சனைக் கூப்பிட்டுத் தன் வீட்டு உள்தாழைக் கழற்றினாள். மறுநாள் மரத்தடியில் எல்லாரையும் கூட்டிச் சொன்னாள்: தொப்பி மறுபடி மாட்டலாம், சத்தமும் போடவேண்டாம், ஆனால் பகலில் யாரும் தாழ் போடக்கூடாது. மணிக்கு ஒருதரம் ஒருத்தி போய்க் கதவைத் திறந்து மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி.

ஆண்கள் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு வந்தது. ஒருவர் சொன்னார்: "நாங்க பனியனோட, அரை டவுசரோட கிடப்போம். அடுத்த வீட்டுப் பொம்பளை வந்து பாக்கறதா? நல்லாருக்கே."

தாராபாய் விடவில்லை. "உங்க அழகப் பாக்க யாரும் வரல தாதா. மூக்கை மட்டும் பாத்துட்டுப் போயிடுவோம்."

சிரிப்பு எழுந்தது. ஆனாலும் யாரும் சரி என்று சொல்லவில்லை. அப்போது புஜங் பின்னாலிருந்து எழுந்தார். வேலையில் எல்லாருக்கும் மூத்தவர். மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "என் வீட்டுல ஆரம்பிங்க. எனக்கு நடுவுல மூச்சு நிக்குதாம். இவ சொல்றா. நாளைக்கு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவர் போவதாகச் சொன்னது ஷேவந்தாவுக்கே புதிது. ரயில்வே கேட்டிலிருந்து அவர் மனதில் என்ன ஓடியது என்று அவள் பிறகும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது இளம் பெண் டாக்டர். புஜங்கின் கழுத்தை நாடாவால் அளந்தார். காலையில் தலைவலி வருமா, பகலில் கண் சொருகுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் புஜங் இல்லை என்றார். டாக்டர் ஷேவந்தா பக்கம் திரும்பினார்.

"தூக்கத்துல மூச்சு நிக்கறத நீங்க பாத்திருக்கீங்களா?"

"எண்ணியிருக்கேன்."

"எவ்வளவு?"

"இருபது வரைக்கும். அதுக்கு மேல நான் எண்ணினதில்ல. எழுப்பிடுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எப்பம்மா தூங்கறீங்க?" என்றார்.

அந்தக் கேள்வியை ஷேவந்தாவிடம் யாரும் கேட்டதில்லை. புஜங்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அவ தூங்கறதில்ல டாக்டர். இருபத்தஞ்சு வருஷமா என் தூக்கத்துக்குக் காவல் இருக்கா. எழுதுங்க, எல்லாம் எழுதுங்க. தலைவலி உண்டு. வண்டி ஓட்டறப்பயும் தூங்கியிருக்கேன்."

டாக்டர் எழுதினார். ஒரு ராத்திரி அங்கேயே படுக்கவைத்து உடம்பெல்லாம் கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது, தூங்கினாலும் உடம்புக்குத் தூக்கம் சேர்வதில்லை என்றார்கள். மூக்கில் குழாய் வைத்த கவசம் மாட்டிக் காற்றுத் தள்ளுகிற சின்ன மெஷின் ஒன்று போலீஸ் வைத்தியத் திட்டத்தில் வந்தது. அவர் சொன்னபடியே ஒரு வரியும் வந்தது. ஜீப் சாவியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு வழக்குச் சாமான் அறைக்குப் போனார். சாவியைக் கொடுத்த அன்றைக்கு ஜீப்பைக் கழுவித் துடைத்துத்தான் கொடுத்தார். மூன்று மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காற்று மெஷினைப் பார்க்க லைனே வந்தது. "யானை மாதிரி இருக்கீங்க தாதா," என்றார்கள். அவர் கவசத்தைக் கழற்றாமலே போங்கள் என்று கையைக் காட்டினார்.

பந்தோபஸ்து மட்டும் யாரையும் விடவில்லை. அந்த வருஷக் கடைசியில் வந்த தேர்தலுக்கு வழக்குச் சாமான் அறையைப் பூட்டிவிட்டுப் புஜங்கையும் வீதியில் நிறுத்தினார்கள். பன்னிரண்டாம் நாள் காலை வந்தார். குளித்தார், இரண்டு வாய் சாப்பிட்டார், கவசத்தை மாட்டிக்கொண்டு படுத்தார். ஷேவந்தா கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

குறட்டை இல்லை. மெஷின் போட்ட நாளிலிருந்தே அது இல்லை. ஆனால் தகரத்துக்குக் கீழே அந்த அமைதியை அவளால் தாங்கவே முடிந்ததில்லை. மணிக்கு ஒருதரம் என்று சட்டம் போட்டவள், தன் வீட்டில் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போவாள். போனால் பார்த்துவிட்டு வரமாட்டாள். கவசம் சரியாக இருக்கிறதா என்று தொடுவாள், புஜங் விழித்துவிடுவார். லைனில் எல்லாருக்கும் இது தெரியும்.

அன்றைக்கு மரத்தடியில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். அரைப்படி பொறுக்கியதும் எழப் போனாள். பக்கத்தில் இருந்த மங்களா அவள் முழங்காலில் கையை வைத்தாள்.

"நீங்க உக்காருங்க. இன்னைக்கு உங்க வீட்டு முறை என்னுது. நான் பாக்கறேன்."

தாராபாய் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், ஆனால் கேட்டது. "மங்களா, தப்பா நினைக்காத. புருஷன் போய் வருஷம் திரும்பல. தூங்கற மனுஷன் கண்ணு முழிச்சா முதல்ல உன் முகத்துலயா முழிக்கணும்?"

மங்களா கையை எடுத்துக்கொண்டாள். ஷேவந்தா தாராபாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் முழிக்கக்கூடாதுன்னுதான வஹினி அவள அனுப்பறேன்," என்றாள். பிறகு மங்களாவிடம் சொன்னாள்: "போய்ப் பாரு. கவசத்துக்குக் கீழ வயிறு ஏறி இறங்கும். அதப் பாத்தாப் போதும்."

மங்களா செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஷேவந்தா அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல் எது அரிசி எது என்று தெரியவில்லை. நிமிஷம் நீண்டது. மங்களா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"தூங்கறாங்க."

"வயிறு?"

"ஏறி இறங்குது வஹினி. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

ஷேவந்தாவின் இரண்டு கையும் தரையில் ஊன்றி, எழப் போகிற மாதிரி உடம்பு முன்னால் வந்தது. மங்களா திரும்பிப் போய், சாத்திய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

ஷேவந்தா முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.